பதினெட்டு மில்லிமீட்டர்

களிமண் காருக்கு உட்புறம் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் அது முழுக் கார்தான். கதவு, விளக்கு, சக்கரம், கைப்பிடி எல்லாம் இருக்கும். வெள்ளித்தாள் ஒட்டி முற்றத்து வெயிலில் நிறுத்தினால் சாவி போட்டு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் போலிருக்கும். ஆனால் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத்தாள். அதற்குப் பின்னால் மரச்சட்டமும் நுரைக்கட்டியும். அதற்குள் யாரும் உட்கார்ந்து வெளியே பார்க்க முடியாது. ஹார்லண்ட் கம்பெனியின் வடிவமைப்புக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் களிமண் சீவியவன் நான். முப்பத்தொரு வருஷமும் கார்களை வெளியே நின்றுதான் பார்த்தேன்.

என் பெயர் டெஸ்மண்ட் ட்ரெவின். டெஸ் என்றால் போதும். அந்தக் கூடத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் நான் செய்த வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அந்த வேலை நடந்து மூன்று வருஷம் கழித்து, பாலரட் ஊரின் தென்கோடி ரவுண்டானா ஒன்றில், லோர்னா பைக்ராஃப்ட் என்ற பெண்மணி வலது பக்கம் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்றொரு கேள்வி எழுந்தது. பார்க்கவில்லை என்றது நீதிமன்றம். ஊரும் அப்படியே சொன்னது. பார்த்தேன் என்று சொன்னது அவர் ஒருவர்தான். அவர் சொன்னது பொய்யல்ல என்று தெரிந்த இன்னொரு ஆள் நான். இருபத்து மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை 1996 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி. கரவாங் என்ற புதுக் காரின் வடிவம் முடிவாகும் கட்டம். கரவாங் என்பது எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் வந்து உட்கார்ந்து கத்தும் கறுப்புப் பறவை. தலைமை வடிவமைப்பாளர் அலிஸ்டர் தோர்ன் அந்தப் பெயரைத் தானே வைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் களிமண் மாதிரியை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதும், அவர் நாலு பக்கமும் குந்தி எழுந்து பார்ப்பதும் எங்கள் வழக்கம். மற்ற நாளில் எதுவும் சொல்ல மாட்டார். குறை நிறை எல்லாம் வெள்ளிக்கிழமை வெயிலில்தான்.

அன்றைக்கு அவர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. முன்சக்கரத்தை மூடும் இறக்கைத் தகட்டில் புறப்பட்ட வெளிச்சம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, கண்ணாடித் தூணின் அடியில் வந்ததும் இடறி விழுந்தது. கண்ணாடித் தூண் என்றால் முன்கண்ணாடியின் இரு ஓரத்திலும் கூரையைத் தாங்கி நிற்கிறதே, அது. இடறின இடம் எனக்கும் தெரிந்தது. ஒரு மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருந்த இடம்தான். தூண் கொஞ்சம் பருத்தால் வெளிச்சம் தடங்கலில்லாமல் கூரைக்கு ஏறிவிடும்.

“ஒன்பது போடு, டெஸ். ஒன்பதுக்கு மேல வேணாம்,” என்றார் தோர்ன்.

ஏன் ஒன்பது என்று நான் கேட்கவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தூணில் ஒரே தடவையில் பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மாற்றினால் களிமண் மாதிரி இல்ஸா பிராண்ட் அம்மையாரின் அறைக்குத் திரும்பிப் போக வேண்டும். அவர் பார்வைப் பிரிவுப் பொறியாளர். ஒரு மர ஆசனத்தில், ஓட்டுகிறவரின் கண் இருக்கும் உயரத்தில், இரண்டு சின்ன பல்புகளைப் பொருத்தி வைத்திருப்பார். சுற்றிலும் காரின் அளவிலேயே கம்பியால் தூண்களைக் கட்டி, விளக்கை அணைத்து, பல்புகளைப் போடுவார். தூணின் நிழல் சுவரில் விழும். அந்த நிழலுக்குள் எது நின்றாலும் ஓட்டுகிறவருக்கு அது இல்லை. நிழலின் அகலத்தை அளந்து கையெழுத்துப் போடுவார், அல்லது போட மாட்டார். கரவாங்குக்கு ஜூலையிலேயே போட்டுவிட்டார். திரும்பிப் போனால் மூன்று வாரம் வீண்.

நான் ஒன்பது போட்டேன். களிமண்ணை அடுப்பில் சூடாக்கி, கட்டைவிரலால் அப்பி, சீவுளியால் இழுத்து, பகல் முடிவதற்குள் வெள்ளித்தாள் ஒட்டிவிட்டேன். வெளிச்சம் முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் இன்னும் லேசாக விக்கியது. அடுத்த வெள்ளி, பதினாறாம் தேதி, தோர்ன் அதே இடத்தில் குந்தினார். “இன்னொரு ஒன்பது,” என்றார். அதையும் போட்டேன். இரண்டையும் என் வேலை நோட்டில் தேதியோடு எழுதினேன். வெளிச்சம் இறக்கையில் புறப்பட்டுக் கூரையின் பின்விளிம்புவரை ஒரே மூச்சில் ஓடியது. கூடத்து ஆட்கள் பதினாலு பேர் முற்றத்தில் நின்று பார்த்தோம். என் வேலையில் அதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் காரின் இடது பாதியைத்தான் கையால் செய்வோம். நடுவில் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தினால் மறுபாதி அதில் தெரியும். பிறகு இயந்திரம் அதை வலப்பக்கத்துக்குப் பிரதி எடுக்கும். எங்கள் நாட்டில் ஓட்டுகிறவர் உட்காருவது வலப்பக்கம். அந்தப் பக்கத்துத் தூணில் என் கை பட்டதே இல்லை. பின்னால் பல இரவுகள் தூக்கம் வராதபோது இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

கரவாங் மறுவருஷம் சந்தைக்கு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. நிற்கும்போதே ஓடுகிற கார் என்று எழுதினார்கள். நானும் ஒன்று வாங்கினேன், வெள்ளை.

1999 மே பத்தொன்பதாம் தேதி காலைப் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. வெள்ளைக் கரவாங், வலது இறக்கை நசுங்கி. முந்தின நாள் காலை ஒன்பதே காலுக்கு, நல்ல வெயிலில், ரவுண்டானாவில் நுழைந்த கார், வலப்பக்கத்திலிருந்து தன் சிவப்பு பைக்கில் வந்த தபால்காரரை இடித்துவிட்டது; அவர் பிழைக்கவில்லை. நெவில் ஸ்ப்ரோட், வயது நாற்பத்தாறு. மஞ்சள் சட்டை போட்டிருந்தார். ஓட்டியவர் லோர்னா பைக்ராஃப்ட், வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ். “நான் பார்த்தேன், யாரும் இல்லை” என்று போலீசிடம் சொல்லியிருந்தார்.

சமையலறை மேஜையில் பென்சிலை எடுத்தேன். கண்ணிலிருந்து தூண் அறுபத்தைந்து சென்டிமீட்டர். தபால்காரர் இருபது மீட்டர் தள்ளி வந்தார் என்று வைத்துக்கொண்டேன். தூணில் கூடின பதினெட்டு மில்லிமீட்டர் அங்கே அரை மீட்டருக்கும் மேலே ஆகிறது. ஒரு மனிதனின் தோள் அகலம். இரண்டு வண்டியும் ஒரே கணக்கில் நெருங்கினால் தூணும் கூடவே நகரும். அவர் கடைசிவரை நிழலுக்குள்ளேயே வந்திருப்பார். பழைய தூணாக இருந்தால் ஒரு தோளாவது, முன்சக்கரத்தின் ஓரமாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

கடிதம் எழுதினேன், மரண விசாரணை அதிகாரிக்கு. ஒன்றல்ல, மூன்று தடவை. மூன்றாவதற்குத் தபால்தலைகூட ஒட்டினேன். அனுப்பவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு காரணம், ஆனால் அது பெரிய காரணம் இல்லை. லோர்னாவுக்குத் தண்டனை கிடைத்தது. சிறை இல்லை, உரிமம் போயிற்று, நர்ஸ் வேலையும் போயிற்று. இத்தனை வெளிச்சத்தில் மஞ்சள் சட்டை போட்ட மனிதரை ஒரு கவனமுள்ள ஆள் காணாமலிருக்க முடியாது என்று நீதிபதி சொன்னதாகப் படித்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அது ஆரம்பித்தது. ரவுண்டானாவை நெருங்குவேன். வலப்பக்கம் தூரத்தில் மஞ்சளாக ஒன்று அசையும். தூணுக்குப் பின்னால் போகும். மறுபக்கம் வெளியே வராது. காரை அப்படியே நிறுத்திவிடுவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். கழுத்தை நீட்டி, குனிந்து, எட்டிப் பார்த்தால் தெரு காலியாக இருக்கும். சந்து கிடையாது, வாசல் கிடையாது, ஒரு ஆள் திரும்பிப் போக இடம் கிடையாது. இருபத்து மூன்று வருஷத்தில் பதினோரு தடவை. காரை விற்றுவிடலாம் என்று பலமுறை கிளம்பியிருக்கிறேன். இன்னொருவர் அந்த ஆசனத்தில் உட்காருவாரே என்று திரும்பி வந்துவிடுவேன்.

இதற்குள் கம்பெனியும் மூடப்பட்டது. நான் பாலரட்டுக்கே குடிவந்தேன். ஏன் இந்த ஊர் என்று யாராவது கேட்டால் ஏரிக்காற்று நன்றாக இருக்கிறது என்பேன்.

ஹார்லண்ட் கார் வைத்திருப்பவர்களின் சங்கம் மாதம் ஒரு ஞாயிறு ஏரிக்கரையில் கூடும். தலைவன் ப்ளூ ஹென்னஸி. தலைமயிர் செம்பட்டை; எங்கள் பக்கத்துக் கேலியில் செம்பட்டைக்காரனை நீலம் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் ப்ளூ. இப்போது மயிரும் இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வந்ததும் ஒரு கையில் டீயும் மறு கையில் சாசேஜ் சுற்றிய ரொட்டியுமாக அவன் பிரசங்கம் தொடங்கிவிடும்.

“இப்ப வர்ற காருங்க மூஞ்சியப் பாருங்கடா. அத்தனைக்கும் பல்வலி. உள்ள போனா ஒரு டிவி. காத்து வேணும்னா அதுல நாலு பக்கம் தள்ளிக்கிட்டே போகணும், அதுக்குள்ள வேர்த்துச் செத்துடுவேன். ஜன்னலா அது? தபால்பெட்டி வாய் மாதிரி.”

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அவன் சொன்னதில் பாதி நியாயம், மீதி பாதியை அவன் பார்க்கவில்லை. கார்களின் ஜன்னல் ஒரே நாளில் குறுகவில்லை. குப்புற விழுந்தால் கூரை நசுங்கக் கூடாது என்று ஒருவர் தூணில் ஒரு விரல் சேர்த்தார். உள்ளே காற்றுப்பை வைக்க வேண்டும் என்று இன்னொருவர் ஒரு விரல். காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்று கண்ணாடியைச் சாய்த்தவர் ஒரு விரல். அத்தனையும் நல்ல காரணம்தான். அழகுக்காகவும் ஒருவன் ஒரு விரல் வைத்தான். இப்போது மறைத்ததைக் காட்டுவதற்குக் கேமரா வைத்து விற்கிறார்கள். இதை நான் சங்கத்தில் சொன்னதில்லை. எனக்கு அங்கே கொக்கு என்று பெயர், ரவுண்டானாவில் கழுத்தை நீட்டுவதால். கொக்காகவே இருந்துவிட்டேன்.

2022 மார்ச் பதின்மூன்றாம் தேதி கரவாங்குக்கு இருபத்தைந்து வருஷ விழா வைத்தோம். உள்ளூர்ப் பத்திரிகையில் ப்ளூ படம் போட்டு அறிவித்திருந்தான். பத்தொன்பது கார்கள் வந்தன. பதினொரு மணி வாக்கில் ஒரு பெண்மணி வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும். தட்டையான காலணி, தோளில் துணிப்பை. ஒவ்வொரு காரின் முன்னாலும் நிற்பார். மற்றவர்கள் மாதிரி முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஓட்டுகிற ஆசனத்தைப் பார்த்தார்.

ப்ளூவின் பச்சைக் காரிடம் நின்று, இதில் உட்காரலாமா என்று கேட்டார். ப்ளூ உற்சாகமாகிவிட்டான். “உக்காருங்க, தாராளமா. பையை மட்டும் வெளியவே விட்டுடுங்க. ஜிப்பு உரசுச்சுன்னா நான் அழுதுடுவேன், என்னைத் தேத்த ஆளு கிடையாது,” என்றான்.

அவர் சிரிக்கவில்லை. தனக்கு வெள்ளைதான் வேண்டும் என்றார். வெள்ளையோ பச்சையோ உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்று ப்ளூ சொல்லிப் பார்த்தான். என்னுடையது ஒன்றுதான் வெள்ளை. கையைக் காட்டினான். அவர் என்னிடம் வந்து, “என் பேரு லோர்னா பைக்ராஃப்ட்,” என்றார். சொல்லிவிட்டு, நான் எழுந்து போய்விடுவேனா என்று பார்ப்பதுபோல் காத்திருந்தார். அந்தப் பெயரைச் சொன்னபின் ஆட்கள் எழுந்து போவது அவருக்குப் பழக்கம் என்று தெரிந்தது.

ப்ளூ என் முழங்கையைப் பிடித்து இரண்டு காருக்கு அப்பால் இழுத்துக்கொண்டு போனான். “அந்தத் தபால்காரன் கேஸுடா இது. நெவில் என்கூட ஒண்ணா கிரிக்கெட் ஆடினவன். எதையாவது சொல்லி அனுப்பிச்சுடு,” என்றான். நான் அவன் கையை விலக்கிவிட்டுத் திரும்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

லோர்னா உட்கார்ந்தார். ஆசனத்தைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். கைகள் தாமாகவே ஸ்டீயரிங்கில் பழைய பிடியைக் கண்டுபிடித்தன. அன்றைக்குப் பிறகு தான் எந்தக் காரிலும் இந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை என்றார். பிறகு பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். நீதிமன்றத்தில் கொடுத்த வரைபடத்தின் நகல். மடிப்புகளில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. எனக்கு அந்தத் தாளைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்தக் கோணம் எனக்கு மனப்பாடம்.

“மூணு டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டினேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாங்க. அப்ப நான் பொய் சொல்றேன், இல்ல பைத்தியம். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சா போதும் எனக்கு,” என்றார். “நான் இப்படியே உக்காந்திருக்கேன். நீங்க அங்க இருந்து நடந்து வாங்க. இந்தக் கோட்டு மேலயே.”

நடக்க வேண்டாம், நான் சொல்கிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நடந்தேன். ஏரிக்கரைப் புல்லில் முன்பக்கமாக வலது சாய்வில் இருபத்தைந்து அடி எடுத்துவைத்துப் போய்த் திரும்பி நின்றேன்.

என் காரை அந்த இடத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. மற்ற கார்கள் இருந்தன, ப்ளூ இருந்தான், ஏரி இருந்தது. ஓட்டுகிற ஆசனத்தில் மட்டும் யாரும் இல்லை. சற்றுமுன் கதவைத் திறந்து உட்காரவைத்த ஒரு பெண்மணி இல்லவே இல்லை. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் என் தூண் இருந்தது. இறக்கையில் புறப்பட்ட வெளிச்சம் அதன்மேல் ஏறிக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடக்க ஆரம்பித்தேன். மஞ்சளாக எதையும் நான் போட்டிருக்கவில்லை. ஆனாலும் என் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பாதி தூரத்தில் திறந்த ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது. “கிளம்பியாச்சா?”

“நடந்துக்கிட்டுதான் இருக்கேன்.”

“குரல் வருது. ஆளைக் காணோம்.”

ஐந்து மீட்டரில் என் தோள்கள் தூணுக்கு இரு பக்கமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கும் அவருடைய ஒரு கண் தெரிந்தது. நேராக என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கைகளை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. நான் கதவருகே போய் நின்று சொன்னேன். நின்றுகொண்டே, தேதி தேதியாக. ஆகஸ்ட் ஒன்பது, ஆகஸ்ட் பதினாறு, பத்துக்குக் குறைவான இரண்டு ஒன்பது, இல்ஸாவின் அறைக்குத் திரும்பிப் போகாத மாதிரி, அனுப்பாத கடிதம். ஒன்றையும் விடவில்லை.

“எங்க இருந்தீங்க நீங்க?” என்றார்.

“அப்ப மெல்போர்னுக்குத் தெற்க. ரெண்டு மணி நேரத் தூரத்துல.”

“ரெண்டு மணி நேரம்,” என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று ஆரம்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நர்ஸாக இருந்தவர், நோயாளி எந்த இடத்தில் மழுப்புகிறான் என்று தெரியும்போல. அதற்குமேல் என்னால் அந்தப் பொய்யை இழுக்க முடியவில்லை.

“எனக்கு அந்தக் கோடு பிடிச்சிருந்தது. சொன்னா அது தப்புன்னு ஆயிடும். அதான்,” என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்கி, காரைச் சுற்றி இடப்பக்கம் போய், கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நெவிலின் மனைவி ஹீதர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார் என்றார். தெருவில் தன்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்து போவார், இருபத்து மூன்று வருஷமாக. நீதிமன்றம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம், அந்த ஒரு ஆளிடம் இதைச் சொல்ல வேண்டும் என்றார். இன்றைக்கே, என் வாயால்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த ப்ளூ காரின் முன்னால் வந்து நின்றான். எல்லாக் காரிலும் தூண் இருக்கிறது, எல்லாத் தூணும் எதையாவது மறைக்கத்தான் செய்யும், ஆறிப்போன புண்ணைக் கீறிவிடாதே என்றான். யாருக்கு ஆறியது என்று லோர்னா ஜன்னல் வழியாகக் கேட்டார். அவன் ஒதுங்கிக்கொண்டான்.

ஹீதரின் வீட்டுக்கு அந்த ரவுண்டானா வழியாகத்தான் போக வேண்டும். நெருங்கும்போது வலப்பக்கம் தூரத்தில் மஞ்சளாக அசைந்தது. தூணுக்குள் போனது. காரை நிறுத்தினேன். கழுத்தை நீட்டினேன். வெளியே வரவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கால் மட்டும் பிரேக்கை விட்டு எழவில்லை. லோர்னா முன்னால் சாய்ந்து, என்னைத் தாண்டி வலப்பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் தூண் மறைக்காது.

“யாரும் இல்ல. போங்க,” என்றார்.

ஹீதர் ஸ்ப்ரோட் முன்தோட்டத்தில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எழுபதுக்குப் பக்கம் வயது, உயரமான பெண். லோர்னா இறங்குவதைப் பார்த்ததும் முகம் இறுகியது. உள்ளே போகத் திரும்பினார். நான் வேலிக்கு வெளியே நின்று என் பெயரையும் வேலையையும் சொல்லி, உங்கள் கணவரைப் பற்றி நான் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றேன். நின்றார். திரும்பவில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் கொட்டி, செடியின் அடியில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

முடித்தபின் அவர் திரும்பினார். லோர்னாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

“அவ பார்த்தாளா?”

“பார்த்தாங்க.”

“அப்ப அவன் எங்க இருந்தான்?”

“நான் வெச்ச தூணுக்குப் பின்னால.”

“எவ்வளவு நேரம்?”

இதற்கும் என்னிடம் கணக்கு இருந்தது. நாலு செகண்டு, கொஞ்சம் கூடவும் இருக்கலாம் என்றேன். ஹீதர் உதடு லேசாக அசைய எண்ணுவது தெரிந்தது. நாலு செகண்டு அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எண்ணி முடித்ததும் அவருடைய தோள்கள் தளர்ந்தன. நிம்மதியினால் அல்ல என்று நினைக்கிறேன். இத்தனை வருஷமும் சாய்ந்துகொள்ள அவருக்கு ஒரு கோபம் இருந்தது. பார்க்காமல் இடித்தவள் என்று ஒருத்தி இருந்தாள். அதை நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பதிலுக்கு நான் கொடுத்தது, நல்ல வெயிலில், எல்லோர் கண்ணெதிரிலும், நாலு செகண்டு எங்குமே இல்லாமல் இருந்த ஒரு புருஷனை.

“அவன் ஹாரன் அடிச்சிருப்பான்,” என்றார் ஹீதர், யாரிடமும் இல்லாமல். “எப்பவும் அடிப்பான். நாய்க்குக்கூட அடிப்பான்.”

“அடிச்சார்,” என்றார் லோர்னா. அதுவரை அவர் அங்கே வாயைத் திறக்கவில்லை. “சத்தம் கேட்டுச்சு. மறுபடியும் பார்த்தேன். யாரும் இல்ல. போலீஸ்ல சொன்னா நம்பல. அதுக்கப்புறம் அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

ஹீதரின் கையிலிருந்து குழாய் கீழே விழுந்தது. வேலிக் கதவைத் திறந்து லோர்னாவின் கையை, மணிக்கட்டுக்கு மேலே, நாடி பார்ப்பதுபோல் பிடித்தார். “உள்ள வா. சத்தம் எப்படிக் கேட்டுச்சுன்னு சொல்லு,” என்றார்.

இருவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்படவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நான் வேலிக்குள் போய்த் தண்ணீரை நிறுத்தினேன். நடைபாதையில் ஓடிய சேறு என் காலணிக்குள் புகுந்திருந்தது. வீட்டுக்குள்ளிருந்து லோர்னாவின் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. நடுவில் ஒருமுறை அவர் ஏதோ சத்தத்தை வாயால் செய்து காட்டினார். குட்டையாக, இரண்டு தடவை. பிறகு ஹீதர் அதையே செய்து, இப்படியா என்று கேட்டது காதில் விழுந்தது.

தெருவில் என் கார் நின்றிருந்தது. மதிய வெயில் சாய்ந்து இறக்கையில் விழுந்து, தூணில் ஏறி, எங்கும் இடறாமல் கூரையின் கடைசிவரை ஓடியது. கண்ணை எடுக்க முயன்றேன். முடியவில்லை. அழகாகத்தான் இருந்தது.